வீட்டில் ஐம்பது, வகுப்பில் இருபத்தாறு

புதிதாகக் கணக்கு நடத்த வந்திருக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. காலமெல்லாம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தியவளுக்கு நாலு பக்கம் எழுத வரவில்லையா என்று வீட்டுக்காரர் கிண்டல் வேறு. எழுத வராமல் என்ன? ஸ்மார்ட் போர்டு மக்கர் பண்ணினால் என்ன செய்வது, பாடத்திட்டத்தை எப்படி முடிப்பது என்பதையெல்லாம் பயிற்சியிலேயே உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அதைத் திரும்ப நான் வேறு சொல்லி உங்களைத் தூங்கவைக்க வேண்டாம் என்றுதான் யோசித்தேன்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அதுவும் எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடாத விஷயம். தெளிவாகத் தெரிந்ததைச் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். குழம்பினதைச் சொல்ல ஒருத்தியாவது வேண்டாமா? படித்துப் பாருங்கள். உங்களுக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

எங்கள் பள்ளிக்கூடம் நன்னிலத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும் உள்ள நடுநிலைப் பள்ளி. நான் திருவாரூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்துவதெல்லாம் அந்தப் பஸ்ஸில்தான். வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காமல், கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டே டிக் போட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி, 'பாவம், எல்லாத்துக்கும் ரைட்டே போட்டுடுங்களேன்' என்றுகூடச் சிபாரிசு செய்திருக்கிறார்.

அப்படி ஒரு நாள் பஸ்ஸில்தான் காவியாவின் நோட்டு என்னை முழிக்க வைத்தது.

காவியா ஏழாம் வகுப்பு. ஒல்லியான பெண், வாய் மட்டும் காது வரைக்கும். நான் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் 'டீச்சர், நானு நானு' என்று பெஞ்சை விட்டு எழுந்து நிற்பாள். போட்டால் சரியாகவும் இருக்கும். ஆனால் அதே பெண்ணின் வீட்டுப்பாட நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்பு மைதான்.

என்ன கணக்கு என்று கேட்பீர்கள். பெரிய கணக்கெல்லாம் இல்லை. ஆறு கூட்டல் நாலு பெருக்கல் ஐந்து. பெருக்கலை முதலில் செய்து, பிறகு ஆறைக் கூட்டினால் இருபத்தாறு. ஆறாம் வகுப்பிலேயே நடத்திவிடுகிற விதி. வகுப்பில் கேட்டால் காவியா இருபத்தாறு என்பாள். வீட்டிலிருந்து வரும்போது அதே கணக்குக்கு விடை ஐம்பது என்று இருக்கும். ஆறும் நாலும் பத்து, பத்தைந்து ஐம்பது. இடது ஓரத்தில் ஆரம்பித்து நேராகப் போய்க்கொண்டே இருப்பாள். கூட்டலும் பெருக்கலும் சேர்ந்து வருகிற எந்தக் கணக்கிலும் இதே கதைதான். வெறும் கூட்டல், வெறும் பெருக்கல் என்றால் பிசகே கிடையாது.

பிள்ளைகள் போடும் தப்புக்கு ஒரு நிலை கிடையாது. இன்றைக்கு இங்கே இடறுவார்கள், நாளைக்கு வேறெங்கோ. இந்த நோட்டில் தப்பெல்லாம் ஒரே ஆள் நடந்து போன மாதிரி ஒரே திசையில் இருந்தது. யாராவது எழுதிக் கொடுக்கிறார்களா என்றால், இல்லை, கையெழுத்து அவளுடையதுதான். ஒன்றுக்குக் கொண்டை போடுவது, ஏழுக்கு நடுவில் கோடு இழுப்பது எல்லாம் அப்படியே இருந்தது.

"ஏன்டி, பள்ளிக்கூடத்துல தெரியுது, வீட்டுக்குப் போனா மறந்துடுமா?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர், மறந்துடுது."

"வழியில எங்கயாவது வச்சிட்டுப் போயிடுறியா?"

வகுப்பே சிரித்தது. காவியாவும் சிரித்தாள். மறுநாளும் ஐம்பதுதான் வந்தது.

நானும் சும்மா விடவில்லை. மதிய இடைவேளையில் உட்கார வைத்து விதியைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவளே சொல்லி முடித்தாள். என் எதிரிலேயே கணக்குகளைக் கடகடவென்று போட்டாள், அத்தனையும் சரி. மறுநாள் வீட்டுப்பாடம் பழைய குருடி கதவைத் திறடி என்று வந்து நின்றது. நம்மைச் சீண்டிப் பார்க்கிறாளோ என்று கோபம்கூட வந்தது.

அரையாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். வினை அங்கேதான் வந்தது.

எங்கள் தலைமையாசிரியர் கறாரான மனிதர். அதற்கு முந்தின வருஷம் பிள்ளைகள் சிலர் தேர்வில் பார்த்து எழுதிப் பிடிபட்டதிலிருந்து, அவருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அந்த வாரம் திடீரென்று வீட்டுப்பாட நோட்டுகளைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். காவியாவின் நோட்டில் வந்து நின்றார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சர், வீட்டுல ஒரு கணக்கும் போடத் தெரியாத பொண்ணுக்குப் பரீட்சையில நூத்துக்கு நூறு எங்கேருந்து வந்துது?"

"நல்லாப் படிக்கிற பொண்ணு சார்."

"நீங்க போட்ட சிவப்பு இன்ட்டுதானே இதெல்லாம்? நல்லாப் படிக்கிறவளுக்கு ஏன் இத்தனை இன்ட்டு போட்டீங்க?"

என் கையெழுத்தே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. பக்கத்து பெஞ்சுப் பெண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறாள், பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு மதிப்பெண்ணை ரத்து செய்துவிடலாம் என்றார். அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பில் வரும் உதவித்தொகைத் தேர்வுக்கும் இவளை அனுப்ப முடியாது என்றார். ஒரு தடவை பார்த்து எழுதினவள் என்று பெயர் எடுத்தால் அந்தப் பிள்ளையை ஊர் எப்படிப் பேசும் என்று உங்களுக்கே தெரியும். "அப்பா சிங்கப்பூர்லேருந்து பொங்கலுக்கு வந்திருக்காராம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்" என்று முடித்துவிட்டார்.

நான் நேரே போய்க் காவியாவைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாக இழுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"உண்மையைச் சொல்லுடி. வீட்டுல கணக்கு யாரு போடுறா?"

தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "அப்பா டீச்சர்."

"அப்பா இத்தனை நாளா சிங்கப்பூர்லல்ல இருந்தாங்க?"

"போன்ல டீச்சர். வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்ததும் வீடியோ கால் பண்ணுவாங்க. நான் கணக்கைப் படிச்சுக் காட்டுவேன். அவங்க ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல எழுதுவேன்."

காவியாவின் அப்பா முருகையன் அங்கே கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர். வெல்டிங் உதவியாள் என்று அவள் சொல்லித் தெரியும். அவருடைய பெற்றோர் அந்த ஊரில் பிறத்தியார் வயலில் கூலிக்கு நின்றவர்கள். முருகையன் வெளிநாடு போய்ச் சம்பாதித்துத்தான் குடும்பத்துக்கென்று கொஞ்சம் நிலம் வாங்கினார். அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர் என்பதும் எனக்குத் தெரியும்.

"அவங்க சொல்றது தப்புன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் டீச்சர்." கொஞ்சம் சிரிப்புகூட வந்தது அவளுக்கு. "அப்பா சொல்வாங்க, நடவு நடுறப்ப ஒரு ஓரத்துலேர்ந்து வரிசையாத்தானே போறோம், நடுவுல குதிச்சுக் குதிச்சா நடுவோம்? கணக்கும் அப்படித்தான் பாப்பா, வரிசை மாறக்கூடாதுன்னு."

"அப்ப சொல்லவேண்டியதுதானே, டீச்சர் இப்படிச் சொல்லிக் குடுத்தாங்கன்னு?"

அவளுக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. "இங்கிலீஷுல அப்படித்தான் ஒரு தடவ சொன்னேன் டீச்சர். அப்பா படிச்சது தப்புன்னு சொன்னேன். சிரிச்சுட்டு, சரி பாப்பா, இங்கிலீஷ நீயே படிச்சுக்கன்னுட்டாங்க. அப்புறம் அறிவியல்ல ஒண்ணு சொன்னேன். அதுவும் நின்னுபோச்சு. இப்ப கணக்கு மட்டுந்தான் டீச்சர் மிச்சம் இருக்கு."

அவளே தொடர்ந்தாள்.

"எச்.எம். சார்கிட்ட நான் பாத்து எழுதினேன்னே சொல்லிடுங்க டீச்சர். அப்பாகிட்ட மட்டும் கணக்கு தப்புன்னு சொல்லிடாதீங்க."

ஆண்டவரே என்று அப்படியே குழாய்த் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். திருட்டுப் பட்டம் தனக்கு வந்தாலும் பரவாயில்லை, அப்பாவின் கணக்கு நின்றுபோகாமல் இருந்தால் போதும் என்கிறாள் ஒரு ஏழாம் வகுப்புப் பெண். இதற்கு எந்தப் பயிற்சியில் விடை சொல்லிக் கொடுத்தார்கள்? அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அப்பாவின் தப்பைச் சொல்லியாக வேண்டும். அப்பாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவளை விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

தலைமையாசிரியரிடம் திரும்பிப் போனேன். "அவ பாத்து எழுதலை சார். எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க கணக்கு டீச்சரா, துப்பறியும் கதை எழுதுறவங்களா?"

விஷயத்தைச் சொன்னால் அந்த மனிதர் அதை அப்படியே, அரைச் சொல் குறைக்காமல், முருகையன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்கும்போதுகூட ஆறு கூட்டல் நாலு பெருக்கல் ஐந்துதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை முருகையன் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் வெளிநாட்டுச் சாக்லேட் டப்பா, முகமெல்லாம் சிரிப்பு. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. மகள் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறாள், பாராட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். காவியா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். மேஜைமேல் அவளுடைய தேர்வுத் தாள் இருந்தது.

"சார், பெருமைக்குச் சொல்லலீங்க. தெனம் நாந்தாங்க கணக்கு சொல்லிக் குடுக்குறேன். எவ்வளவு அசதியா இருந்தாலும் அதை மட்டும் விடுறதில்ல" என்றார்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் சாக்லேட் டப்பாவைப் பார்த்தேன்.

அவர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. வீட்டுப்பாடத்தில் எல்லாம் தப்பு, தேர்வில் எல்லாம் சரி, பார்த்து எழுதியிருப்பாளோ என்று சந்தேகம் என்று போட்டு உடைத்துவிட்டார். முருகையனின் சிரிப்பு அப்படியே நின்றது. கோபத்தைவிட அவமானம்தான் அவர் முகத்தில் அதிகம் தெரிந்தது.

"எம் பொண்ணு அப்படிப் பண்ண மாட்டா சார். தெனம் என் கண்ணு முன்னாடி போடுறா. வீட்டுப்பாடம் தப்புன்னு எப்படிங்க சொல்றீங்க? அதை நானே பாக்குறேனே."

"சரி, இப்பவே போட்டுக் காட்டட்டும்" என்று ஒரு தாளில் கணக்கை எழுதி நீட்டினார் தலைமையாசிரியர். எதை எழுதினார் தெரியுமா? நோட்டில் இருந்த அதே ஆறு கூட்டல் நாலு பெருக்கல் ஐந்து.

காவியா தாளை வாங்கினாள். பேனாவைத் திறந்தாள். தலைமையாசிரியரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். அவர், போடு பாப்பா, பயப்படாத என்று தலையசைத்தார். அவள் ஐம்பது என்று எழுதினாள்.

"பாத்தீங்களா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

முருகையன் எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே சார் போட்டிருக்கா?" என்றார்.

தலைமையாசிரியர் தாளைப் பார்க்கிறார், தேர்வுத் தாளைப் பார்க்கிறார், முருகையனைப் பார்க்கிறார். அவருக்கு அப்போதுதான் ஏதோ உறைக்க ஆரம்பித்திருக்க வேண்டும். வாயைத் திறந்தார். இந்த மனிதர் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பதறியது. அவர் சொல்வதற்கு முன்னால் எதையாவது பேச வேண்டும் என்ற அவசரத்தில் நான் கேட்டேன்.

"உங்க வயல் எந்தப் பக்கங்க?"

தலைமையாசிரியர் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்தார். முருகையன் மட்டும் மரியாதையாகப் பதில் சொன்னார்.

"கடைமடைங்க டீச்சர். எங்க வாய்க்கால்ல கடைசி வயல் நம்மளுதுதான்."

"தண்ணி கொறைச்சலா வர்ற வருஷம் முறை வைப்பீங்கல்ல? தலைப்புலேர்ந்து வரிசையாவா பாய்ச்சுவீங்க?"

"அதெப்படிங்க? வரிசையா விட்டா மேல இருக்குறவங்க வயலே எல்லாத்தையும் குடிச்சிடும். எங்களுக்கு ஈரங்கூட வராது. மேல் மடையெல்லாம் அடைச்சிட்டு, கடைமடைக்கு முதல்ல விடணும். அப்புறந்தான் ஒவ்வொரு மடையா மேல தொறப்போம். ஊர் கட்டுப்பாடுங்க அது. யாரும் மீற முடியாது."

"நடவு மட்டும் வரிசையா நடுறீங்களே?"

"நடவு வேற, தண்ணி வேறங்க."

"கணக்கும் தண்ணி மாதிரிதாங்க" என்றேன். "பெருக்கல்தான் கடைமடை. அதுக்கு முதல்ல விட்டாத்தான் ஆகும்."

இதை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருந்தேன் என்று நினைக்காதீர்கள். வாயில் வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. முருகையன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கூட்டல் குறியின்மேல் கட்டை விரலை அழுத்தி வைத்தார்.

"அப்ப இந்த மடைய அடைச்சுடணும்."

"ஆமாங்க."

"நாலஞ்சு இருவது. கடைமடை பாய்ஞ்சாச்சு." விரலை எடுத்தார். "இப்ப இதைத் தொறந்தா ஆறு. இருவத்தாறு!"

ஒரு நிமிஷம் அந்த மனிதர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். நாம் எதற்காக இந்த வேலைக்கு வந்தோமோ அந்தச் சந்தோஷம். ஆனால் அது நிற்கவில்லை. தேர்வுத் தாளைப் பார்த்தார். அதில் காவியாவின் கையெழுத்தில் எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டிருந்தது. தன் முன்னால் அவள் எழுதிய ஐம்பதைப் பார்த்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியும்ல பாப்பா?" என்றார்.

காவியா தரையைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல? இத்தனை நாளா உன்னை நானே கெடுத்துட்டு இருந்திருக்கேனே."

"சொன்னா அப்புறம் நீங்க கணக்கும் போட மாட்டீங்க" என்றாள் அவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் போனியான்னு கேப்பீங்க. அம்மாகிட்ட குடுன்னுடுவீங்க. அவ்வளவுதான். கணக்குன்னாத்தான் எங்கூட பேசுவீங்க."

முருகையன் மகளைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையைத் தேடி எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப இனிமே நான் போன்ல இவகிட்ட என்னதாங்க டீச்சர் பேசுறது? அங்கேருந்துகிட்டு வேற என்னதான் எனக்குத் தெரியும் இவளைப் பத்தி?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் பதில் "தெரியலைங்க" என்பதுதான். பொய் சொல்ல வாய் வரவில்லை. தலைமையாசிரியர் நாற்காலியில் நெளிந்தார். "டீச்சர், ஏதாவது சொல்லுங்க" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். கறாரெல்லாம் எங்கே போனதோ.

"இனிமே நீங்க போட வேண்டாம்" என்றேன். "அவ போடட்டும். போட்டு உங்ககிட்ட காட்டட்டும். எங்க தப்பு இருக்குன்னு நீங்க கண்டுபிடிங்க. அதான் வாத்தியார் வேலை. நானே அதைத்தான் செய்யுறேன்."

"அவதான் தப்பே போட மாட்டாளேங்க."

காவியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "போடுவேன்பா" என்றாள்.

முருகையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. தலைமையாசிரியர் தேர்வுத் தாளை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, நூறு நூறாகவே இருக்கட்டும் என்றார்.

இத்தோடு கதை முடிந்தது, நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முருகையன் சிங்கப்பூர் திரும்பிப் போனார். வீட்டுப்பாட நோட்டில் எல்லாம் சரியாக வர ஆரம்பித்தது. நானும் பஸ்ஸில் உட்கார்ந்து வரிசையாக டிக் போட்டுக்கொண்டு போனேன். திடீரென்று ஒரு நாள் ஒரே ஒரு கணக்கு தப்பு. சரி, போகட்டும் என்று விட்டேன். நாலைந்து நாள் கழித்து மறுபடியும் ஒன்று. அதுவும் சின்னத் தப்பு இல்லை, அவள் போடவே முடியாத, கண்ணைக் குத்துகிற தப்பு.

கூப்பிட்டுக் கேட்டேன். "என்னடி இது, மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா?"

"அது அப்பா கண்டுபிடிக்கிறதுக்குன்னு போட்டது டீச்சர். தெனம் ஒண்ணு போட்டு வைப்பேன். பென்சில்ல. அப்பா தேடித் தேடிக் கண்டுபிடிப்பாங்க. கண்டுபிடிச்சதும் அழிச்சிட்டு சரியா எழுதிடுவேன்."

"இது அழியலையே?"

"நேத்து அப்பாவுக்கு ஓவர்டைம் டீச்சர்" என்றாள். "பாத்துக்கிட்டே இருந்தாங்க, கண்ணு சொக்கிடுச்சு. எல்லாம் சரி பாப்பான்னு சொல்லிட்டுத் தூங்கிட்டாங்க."

"நீயாவது திருத்தியிருக்கலாம்ல?"

"அப்பா சரின்னு சொல்லிட்டாங்களே டீச்சர்" என்றாள், நான்தான் புரியாத ஆள் என்கிற மாதிரி. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஞாயித்துக்கிழமையானா, நீங்க திருத்தினதெல்லாம் அப்பா காட்டச் சொல்லிப் பாப்பாங்க டீச்சர். எத்தனை டிக்குன்னு."

இப்போது சொல்லுங்கள், பிள்ளைகளே. கையில் சிவப்புப் பேனா. எதிரில் ஒரு தப்பு. அது தப்பு என்று போட்டவளுக்கும் தெரியும், திருத்துகிறவளுக்கும் தெரியும். தெரியாதது அசந்து தூங்கின ஒரு மனிதருக்கு மட்டும்தான். இன்ட்டு போட்டால் அந்த அடி யார்மேல் விழும்? டிக் போட்டால் நான் என்ன கணக்கு டீச்சர்? அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இறங்கவேண்டிய நிறுத்தத்தைக்கூட ஒரு தடவை தவறவிட்டிருக்கிறேன். கடைசியில் அந்த ஒரு கணக்குக்கு மட்டும் ஒன்றும் போடாமல் அடுத்ததற்குப் போய்விடுவது என்று பழக்கம் ஆகிவிட்டது. அது சரியா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் மறுபடியும் நோட்டுப் பார்த்தார். காவியாவின் நோட்டைத் தானே தேடி எடுத்தார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"டீச்சர், இந்தக் கணக்கு தப்பு. நீங்க ஒண்ணுமே போடலையே?"

"அன்னிக்கு சிங்கப்பூர்ல ஓவர்டைம் சார்."

அவர் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். அந்தக் கணக்கின்மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு மூடியைப் போட்டுத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

"சரி, தூங்கட்டும் மனுஷன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.